இலவசமாகக் கிடைக்கும் தடையாணை

எந்த ஊர் சிவில் வக்கீலைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். காலை பத்தரை மணி. நீதிமன்ற அமீனா வாரண்டோடு வாசலில் நிற்கிறார். கூட ஒரு போலீஸ்காரர், பூட்டை உடைக்க ஒரு ஆள். பத்துப் பதினைந்து வருடம் வழக்காடி ஜெயித்த வீட்டுக்காரர் எதிர்ப்பக்க டீக்கடை நிழலில் காத்திருக்கிறார். சுத்தியலை ஓங்கும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒருவர் செல்போனும் கையுமாக வெளியே வந்து, “ஹைகோர்ட்ல ஸ்டே ஆயிடுச்சு சார்” என்கிறார். வாரண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அமீனா கிளம்பிவிடுகிறார். பூட்டுக்காரருக்குக் கூலியை யார் கொடுப்பது என்பது மட்டும்தான் அன்றைக்கு மிச்சமிருக்கும் பிரச்சினை.

அமீனா மீது தப்பில்லை. தடை வழங்கப்பட்டதைத் தாமே நேரடியாக அறிவதாக மேல்முறையீட்டாளர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், உத்தரவு கைக்கு வரும்வரை கீழ் நீதிமன்றம் அதை ஏற்று நடக்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. அவசரத் தடை என்ற ஏற்பாடே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. தீர்ப்பு மேலே ரத்தானால் கொடுத்த பணத்தை 144-ஆவது பிரிவின்படி திரும்பக் கேட்கலாம். இடித்த வீட்டை எந்தப் பிரிவின்படி கேட்பது? அப்படிப்பட்ட வழக்குகளில் ஒரு நாள் தாமதமும் அநியாயம்தான்.

நம் ஆட்சேபம் வேறு. அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 5-ஐ எடுத்துப் பாருங்கள். மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது என்று அது தொடங்குகிறது. தடை வேண்டுமென்றால் மூன்று விஷயங்களில் நீதிமன்றத்துக்குத் திருப்தி வர வேண்டும்: தடை இல்லாவிட்டால் பெரும் நஷ்டம் வரும், மனு காலதாமதமின்றி வந்திருக்கிறது, தோற்றால் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு மனுதாரர் பிணையம் கொடுத்திருக்கிறார். முதல் நிபந்தனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடுகிறார்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை.

தாமதத்தையே பார்ப்போம். உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம். மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள். அந்த அவகாசம் முடிவதற்குள், தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே தற்காலிகத் தடை கேட்கவும் வழியிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு, நிறைவேற்று மனுவில் நோட்டீஸ் வந்தும் அசையாமல் இருந்துவிட்டு, அமீனா வரும் நாளன்று, மதியமே அவசரமாக விசாரிக்கச் சொல்லி ‘லஞ்ச் மோஷன்’ கேட்டு ஓடுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய அவசரம் அவர்களே உண்டாக்கிக்கொண்டது. ஆனால், “இன்று நிறுத்தாவிட்டால் எல்லாம் போச்சு” என்ற வாதத்துக்கு முன் எந்த நீதிபதிதான் துணிந்து மறுப்பார்? ‘எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், அதுவரை தடை’ என்று உத்தரவாகிறது. அந்த ‘அதுவரை’ எத்தனை வாய்தா நீளும் என்பது யாருக்கும் தெரியாது.

தன்னைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று ஜெயித்தவர் முன்கூட்டியே கேவியட் போட்டு வைக்கலாமே என்பார்கள். போடலாம். அதன் ஆயுள் 90 நாள்தான். எதிராளி 91-ஆவது நாள் வருவார்.

2025 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் 8.82 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கும் மேல். எல்லாவற்றுக்கும் தடையாணையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஜெயித்தவரின் கஷ்டம் தீர்ப்பாணை கைக்கு வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொன்ன நாடு இது.

இதற்கு முரட்டு வைத்தியம் ஒன்றைச் செய்தும் பார்த்தாகிவிட்டது. தடையாணைகள் ஆறு மாதத்தில் தாமாகக் காலாவதியாகும் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. சரியான முடிவு. நீதிமன்றம் விசாரிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தடை பெற்றவரைத் தண்டிப்பது எப்படி நியாயமாகும்? ஆனால் பழைய மருந்தை நிறுத்தியதோடு நோய் போய்விடவில்லை.

பதில் இருபது வருடமாகக் கண்ணெதிரே இருக்கிறது. தில்லி கன்னாட் சர்க்கஸில் ஒரு கடை. மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. காலி செய்ய உத்தரவானதும் வாடகைதாரர் மேல்முறையீடு செய்து தடை கேட்டார். தீர்ப்பாயம் தடை கொடுத்தது. கூடவே, மாதம் 15,000 ரூபாய் கட்டச் சொன்னது. உயர்நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2004 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது: வெளியேற்ற உத்தரவுக்குப் பிறகும் இடத்தை வைத்திருப்பவர், அந்த இடம் வெளியே என்ன வாடகைக்குப் போகுமோ அதைக் கொடுக்க வேண்டியவர்தான். பழைய வாடகையைக் கட்டிக்கொண்டு வழக்கை இழுப்பது லாபமாக இருக்கும்வரை யார்தான் விசாரணையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வார்கள்?

எனவே மறுதரப்பைக் கேட்காமல் தரும் தடையில் ஒரு முடிவுத் தேதி எழுதப்பட வேண்டும். நான்கு வாரம் தாராளம். இருதரப்பையும் கேட்டபின் அதை நீட்டுவதா என்று நீதிபதியே முடிவு செய்யட்டும். பண வழக்கென்றால் டெபாசிட், கட்டட வழக்கென்றால் சந்தை வாடகை, கடைசி நாளில் வந்தவரிடம் முன்பே வராததற்கு எழுத்தில் காரணம். வாடகையே கட்ட வழியில்லாத ஏழைக் குடும்பத்துக்கு விலக்கு தரலாம், காரணத்தைப் பதிவு செய்து.

கெடு விதிப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. ஒருதலைப்பட்சமாகத் தந்த உறுத்துக்கட்டளை மனுவை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று கட்டளை 39 சொல்கிறது. ரிட் வழக்கில் தடையை நீக்கக் கோரும் மனுவுக்கு அரசமைப்புச் சட்டமே இரண்டு வாரம் குறித்திருக்கிறது. கட்டளை 41-இல்தான் இடம் காலியாகக் கிடக்கிறது. அதை நிரப்ப நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள விதிகளைத் திருத்தும் அதிகாரத்தை 122-ஆவது பிரிவு உயர்நீதிமன்றங்களுக்கே கொடுத்திருக்கிறது. அதற்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். சென்னை உயர்நீதிமன்றமும் கோட்டையும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன.