கவலை இல்லாத கிளி

2024 ஏப்ரல். கடலூர் தொகுதியில் எம்.பி. தேர்தலுக்கு நின்ற டைரக்டர் தங்கர் பச்சான், பிரசாரத்துக்கு நடுவே ஒரு கிளி ஜோசியரிடம் உட்கார்ந்தார். கிளி சீட்டு எடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். கையோடு வனத்துறை வந்து, கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோசியரை எச்சரித்து அனுப்பியது. ஜூனில் ரிசல்ட்... தோல்வி! ஊருக்கெல்லாம் சீட்டு எடுத்த கிளிக்கு, தனக்கு இடமாற்ற யோகம் இருப்பது தெரியவில்லை பாருங்கள்!

இந்தக் கதையைத் திருவாதவூர் டீக்கடையில் சொன்னதும் என் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன் மாப்ளே, புலியைப் புடிச்சா கேஸ் போடு, நியாயம். காக்கா குருவி மாதிரி கெடக்குற கிளிக்கு எதுக்குய்யா சட்டம்?"

பாதி நியாயம்தான். எந்தெந்த உயிரினம் அழிகிறது என்று உலகம் முழுக்கக் கணக்கெடுக்கிற சிவப்புப் பட்டியலில் நம்ம பச்சைக்கிளிக்குக் கடைசி பெஞ்ச். 'இதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம்' என்கிற வகுப்பு! லண்டன் பூங்காக்களில்கூட விசா இல்லாமல் குடும்பம் நடத்துகிறது.

ஆனால், நம்ம ஊர்ச் சட்டம் வேறு. 1972-ம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். அதன்படி பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் கூண்டில் வளர்த்தாலும் குற்றம். மூன்று வருஷம் வரை உள்ளே, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்!

"நெறைய இருக்கறதுக்கு எதுக்குப் பூட்டு?" என்றார் மாமா.

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? "கல்லா நெறைஞ்சிருக்குன்னு தெறந்து போட்டுட்டா தூங்குவீங்க மாமா?"

கிளி, மரப்பொந்திலும் மொட்டைப் பனையிலும் முட்டை வைக்கிற ஜாதி. குஞ்சாக இருக்கும்போதே பொந்துக்குள் கைவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் கரோலினா கிளி என்று ஒன்று கூட்டம் கூட்டமாகப் பறந்தது. அங்கேயும் 'நெறைய இருக்கே' என்றுதான் சுட்டார்கள், பிடித்தார்கள். கடைசிக் கிளி 1918-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. கூண்டுக்குள்!

திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். திருவாசகத்தில் 'திருத்தசாங்கம்' என்ற பகுதி முழுக்க அவர் கிளியிடம்தான் கேள்வி கேட்கிறார். பெருமானின் நாடு எது, ஊர் எது, ஆறு எது என்று. கேட்டாரே தவிர, கூண்டில் அடைத்ததாகத் தகவல் இல்லை. மதுரை மீனாட்சிக்கும் கிளி கையில்தான்!

மாமா சட்டென்று மௌனமானார். காரணம் எனக்குத் தெரியும். அவர் வீட்டுத் திண்ணையில் ஆறு வருஷமாக ஒரு கூண்டு தொங்குகிறது.

"சரி, இன்னிக்கே தெறந்து விட்டுர்றேன்."

"ஐயையோ, வேணாம்! றெக்கை வெட்டுன கிளி மாமா அது. தெரு முனையிலயே பூனை முடிச்சிரும். வனத்துறைகிட்டக் குடுங்க. பறக்கறதுக்குத் தேத்தி, அப்புறம் விடுவாங்க."

மறுநாள் மாமா என் போனிலிருந்தே மதுரை வன அலுவலகத்தைக் கூப்பிட்டார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூண்டுக்குள் ஒரு கோவைப்பழம் வைத்தார். எதிர்முனையில் "யார் பேசறது?" என்றார்கள்.

மாமா வாயைத் திறப்பதற்குள், ஆறு வருஷமாகக் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையைக் கிளி சொன்னது.

"மாமா!"

மாமாவுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு விலாசம் சொன்னார்.