மூளை பேசுகிறது, மனிதனும் பேசட்டும்!

மாணவத் தோழர்களே! நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் நோயை 1817இல் விரித்துரைத்தவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். இன்று அந்நோயாளியின் மூளை ஆழத்தில் மெல்லிய மின்முனையைப் பதித்து, மின்துடிப்புத் தந்து நடுக்கத்தை அடக்குகிறார்கள். 1970களிலேயே மூளையில் மின்முனை பதித்த முன்னோடி, சென்னை டாக்டர் டி. எஸ். கனகா என்பது நமக்குப் பெருமையன்றோ!

மின்முனை துடிப்புத் தருவதோடு நிற்பதில்லை, கேட்கவும் செய்கிறது. நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்து, 'இடம் இதுவே' எனக் காட்டுகிறது. நொடிக்கு 13 முதல் 30 வரை எழும் 'பீட்டா' அலை ஓங்கும்போது பெரும்பாலும் விறைப்பும் மந்தமும் மிகுகின்றன. மருந்து வேலை செய்தால் அலை தாழ்கிறது.

ஆயினும் கருவிக்கு எட்டாதவை உண்டு. விரல் மரத்துப்போகிறதா, பார்வை இரட்டையாகத் தெரிகிறதா என்பதை நோயாளி அல்லவா சொல்ல வேண்டும்? அதற்காகவே பல மருத்துவமனைகளில் அவரை விழித்திருக்கச் செய்து அறுவை நடத்துகிறார்கள். மும்பையிலும் இச்சிகிச்சை உண்டு. விக்ரோலியிலும் தாராவியிலும் உழைத்து ஓய்ந்த தமிழ் முதியவர் அந்த மேசையில் எந்த மொழியில் விடை சொல்வார்? கடைத்தெருவுக்குப் போதும் அவருடைய இந்தி. மண்டையில் துளையிட்டிருக்கும் வேளைக்குப் போதுமா?

குடிபெயர்ந்து வந்து விக்ரோலியில் வாழும் அறிவியல் மாணவன் நான் கேட்பது இதுதான்: ஒப்புதல் படிவமும் மருத்துவர் கேட்கும் கேள்விகளும் எளிய தமிழில் வேண்டும். அவற்றை எழுதித் தருவது நம் கடமை. மருத்துவர்களை அணுகுவோம், வரும் விடுமுறையிலேயே தொடங்குவோம்!