நாற்பது நாள் குளிர்

ஸ்ரீநகரில் டிசம்பர் 21 பிறந்தால் ‘சில்லை கலான்’. நாற்பது நாள் கடுங்குளிர்! அதற்குப் பிறகும் 20 நாள், 10 நாள் என்று இரண்டு தவணை பாக்கி.

காலையில் குழாயைத் திருகினால் சொட்டு நீர் வராது, உள்ளேயே உறைந்திருக்கும். உறையும் நீர் பருத்துக் குழாயையும் வெடிக்கச் செய்யும். ஆகவே இரவே அண்டாவை நிரப்பி வைப்பாள் கெட்டிக்கார இல்லத்தரசி. பனியால் பாதை அடைபட்டுக் காய்கறி வராவிட்டாலும் கவலையில்லை. கோடையில் போட்ட கத்தரி வற்றலும் சுரைக்காய் வற்றலும் கை கொடுக்கும்.

ஒன்றில்தான் எச்சரிக்கை வேண்டும், சகோதரிகளே! ‘காங்ரி’ என்னும் கரிக்கனல் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். படுக்குமுன் கனலை வெளியே வைத்துவிட வேண்டும். துணி உலரவில்லையே என்று மறுநாள் அலுத்துக்கொள்ள, எல்லோரும் சுகமாகக் கண் விழிக்க வேண்டுமே!