ஆடினால் கெட்டுப்போய்விடுவார்களா?

போன வாரம் காலை வாக்கிங்கில் ஒரு நண்பர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. ஏதோ ஒரு வெளிநாட்டுத் திடல். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறார்கள். மேடையில் ஒரு ஆள் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருக்கிறான். கீழே ஒரு வரி: 'வெளிநாட்டுக்கு அனுப்பிய பிள்ளைகளின் லட்சணத்தைப் பாரீர்!'

"உங்க பொண்ணு ஹாலந்துலதானே சார் இருக்கு? கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க" என்றார். கூட நடந்த மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

நான் பதில் சொல்லவில்லை. நடந்துகொண்டே சண்டை போட எனக்கு மூச்சு போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த நாலு பேரும் இதைப் படிப்பவர்கள்தான். படித்துவிட்டு நாளைக்கு டீக்கடையில் வைத்துத் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் அப்படிப் பேசியவன்தான். அதற்கு உண்டான பலனையும் அனுபவித்தேன்.

என் மகள் 2016-ல் வேலைக்காக நெதர்லாந்து போனாள். ஆம்ஸ்டர்டாமை ஒட்டி ஆம்ஸ்டல்வீன் என்று ஓர் ஊர். நம் நாட்டுக் கம்ப்யூட்டர் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். வெண்டைக்காய், முருங்கைக்காய், இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். அதனால் நானும் என் மனைவியும் நிம்மதியாக இருந்தோம். வெண்டைக்காய் கிடைக்கிற ஊரில் பிள்ளைக்கு என்ன குறை இருக்கப்போகிறது!

அவளுடைய முதல் டிசம்பர் எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அங்கே டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். டச்சுக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு காபி குடிக்க வரவேண்டும் என்றாலும் டைரியைப் புரட்டி, மூன்று வாரம் தள்ளி நாள் குறித்துக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் கேட்பேன், "நேத்து சனிக்கிழமை என்னம்மா பண்ணினே?" அவள் சொல்வாள், "ஆபீஸ் வேலை இருந்துச்சுப்பா." மூன்று வருஷம் இதே கேள்வி, இதே பதில்.

2019 கோடையில் நாங்கள் இருவரும் அவளிடம் போய் இரண்டு மாதம் இருந்தோம். ஒரு நாள் ராத்திரி அவளோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன் சாப்பிட வந்திருந்தான். பேச்சுவாக்கில், "அன்னைக்கு ஃபெஸ்டிவல்ல இவ மயங்கி விழுந்தப்போ நாங்க பயந்தே போயிட்டோம் அங்கிள்" என்றான். மேஜைக்கடியில் அவள் அவன் காலை மிதித்தது எனக்கே தெரிந்தது.

நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். நல்ல வெயில் நாள். காலையிலிருந்து சாப்பிடாமல் நாலு மணி நேரம் ஆடியிருக்கிறாள். தலை சுற்றி விழுந்துவிட்டாள். முதலுதவிக் கூடாரத்தில் படுக்கவைத்து, உப்புத் தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அனுப்பியிருக்கிறார்கள். "வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டுமா?" என்று அந்த நர்ஸ் கேட்டாளாம். "யாருக்கும் வேண்டாம்" என்றாளாம் என் மகள்.

பையன் போன பிறகு கேட்டேன். "ஏம்மா எங்ககிட்ட சொல்லலே?"

"சொன்னா என்ன கேட்டிருப்பீங்கப்பா? உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டிருப்பீங்களா, அங்க எதுக்குப் போனேன்னு கேட்டிருப்பீங்களா?"

எனக்குப் பதில் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே அப்படி ஒரு விழாவுக்கு அவளோடு போனேன். ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் பகல் முழுக்க நடக்கும் விழா. டிக்கெட் எழுபது யூரோவுக்குப் பக்கம். அந்தக் காசில் நம் ஊரில் ஒரு மாத மளிகை வாங்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே குடிதண்ணீர் இலவசம். குடித்தவர்களும் உண்டு, குடிக்காதவர்களும் உண்டு. இளவட்டம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். என் வயசை நெருங்கிய ஒரு டச்சுத் தம்பதி என் பக்கத்திலேயே நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகளைச் சுற்றி ஒரு போர்த்துக்கல் பெண், ஒரு துருக்கிப் பையன், நம் கோயம்புத்தூர் தம்பி. யாரும் யாரையும் எந்த ஊர், என்ன சம்பளம், விசா என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இரவு 11 மணிக்குப் பாட்டு நின்றது. எல்லோரும் சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அவள் எப்போதும்போல எழுந்து எங்களுக்கு உப்புமா கிண்டினாள்.

இப்போது நம் நண்பர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம், இது நம் கலாசாரம் இல்லை என்பது. சரி, யாருடைய கலாசாரம்? 'ஹவுஸ்' என்று சொல்லப்படும் இந்த இசை அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பிறந்தது. 1977-ல் அங்கே 'வேர்ஹவுஸ்' என்று ஒரு கிளப் தொடங்கியது. ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கே இசைத்தட்டுகளைக் கலந்து போடுவார். வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பின இளைஞர்கள், அதிலும் ஒருபால் ஈர்ப்புக் கொண்டவர்கள். வேறு எங்கே போனாலும் விரட்டப்பட்டவர்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட இசையில், ஊர்விட்டு ஊர் போய்த் தனியாக நிற்கிற பிள்ளைகள் போய்ச் சேர்வதில் என்ன ஆச்சரியம்?

இன்னொரு கதையும் உண்டு. பம்பாய்த் திரையிசையில் கிதார் வாசித்தவர் சரண்ஜித் சிங். ஜப்பானில் புதிதாக வந்த ரோலண்ட் எலக்ட்ரானிக் கருவிகளை வாங்கி, 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். யமன், பூபாலி, மால்கௌன்ஸ், அதாவது நம் கல்யாணி, மோகனம், இந்தோளம் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே கருவியை வைத்துச் சிகாகோ பையன்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்று உலகத்தைக் கலக்கியது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. சரண்ஜித் சிங்கின் தட்டைத் தேடி எடுத்து 2010-ல் மறுபடி வெளியிட்டவர் ஒரு டச்சுக்காரர். நம்முடையதை அவன் போற்றுகிறான். நாம் அவனைப் பார்த்து 'உன் கலாசாரம்' என்கிறோம்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவை நம்மில் பலர் ராத்திரி கண்விழித்துப் பார்த்தோம். அஞ்சு பாபி ஜார்ஜ் கொடி பிடித்து வந்தபோது பெருமையாக இருந்தது. அந்த அணிவகுப்புக்கு இசை போட்டவர் டியஸ்டோ என்ற டச்சு டிஜே. அன்றைக்கு நம் காதில் விழுந்ததும் இதே இசைதான். யாரும் கெட்டுப்போகவில்லை.

இரண்டாவது வாதம், காது கிழியும் சத்தம். இதில் பாதி நியாயம். நான் டெலிபோன் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன், டெசிபல் கணக்கு எனக்குப் பழக்கம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நெதர்லாந்தில் விழா நடத்துபவர்கள் சராசரி 103 டெசிபலைத் தாண்ட மாட்டோம் என்று அரசோடு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அதுவே அதிகம் என்பேன். அதனால்தான் அங்கே காதடைப்பான் விற்கிறார்கள், என் மகள் தனக்கும் எனக்கும் ஆளுக்கொன்று வாங்கினாள். ஆடி மாசம் விடியற்காலை நாலரைக்குத் தெருமுனைக் கூம்பு ஸ்பீக்கர் அலறும்போது நமக்குக் காதடைப்பான் யார் தருகிறார்கள்? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-லிருந்தே இருக்கிறது. அதை மீறுபவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணியாத நாம், ஆம்ஸ்டர்டாம் சத்தத்துக்கு நீதிபதி ஆகிறோம்.

மூன்றாவது வாதம், போதை. இதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அந்த விழாக்களில் போதை மாத்திரை புழங்குகிறது. உயிர்கள் போயிருக்கின்றன. எக்ஸ்டசி அந்த நாட்டிலும் சட்டவிரோதம்தான். என் மகள் தொட்டதில்லை என்றாள், நம்புகிறேன். ஆனால் டச்சுக்காரர்கள் செய்யும் ஒன்றைக் கவனியுங்கள். 1992-லிருந்து அங்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது. பெயர் கேட்பதில்லை. ஆபத்தான சரக்கு சந்தையில் இருப்பது தெரிந்தால் நாடு முழுக்க எச்சரிக்கிறார்கள். 'செய்யாதே' என்று சொல்வதையும் விடவில்லை, 'செய்துவிட்டால் எங்களிடம் சொல்' என்பதையும் விடவில்லை. நாம் முதலாவதை மட்டும் சொல்கிறோம், அதுவும் கத்திச் சொல்கிறோம். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளை, நிஜமாகவே ஆபத்தில் விழும் அன்றைக்கும் 'யாருக்கும் சொல்ல வேண்டாம்' என்றுதான் சொல்லும்.

கடைசியாக ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைகள் நம் ஆட்களோடு சேர்ந்து இருக்கக்கூடாதா? அங்கேயும் பொங்கல் விழா, தீபாவளி விழா எல்லாம் உண்டு. நானும் ஒன்றுக்குப் போனேன். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹால், நல்ல சாம்பார் சாதம், குழந்தைகளின் பரதநாட்டியம். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு அது சொர்க்கம். முப்பத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு? அரை மணி நேரத்தில் ஐந்து பேர் அவளிடம் "எப்போ கல்யாணம்?" என்று கேட்டதை நானே எண்ணினேன். ஆறாவது ஆள் என் மனைவியிடம் வந்து கேட்டார். அந்த ஹாலைவிட அந்தத் திடல் அவளுக்கு ஏன் இதமாக இருக்கிறது என்று எனக்கு அன்று புரிந்தது.

இந்தப் பிள்ளைகள் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. மூன்று வருஷம் ஆகியும் என் மகளுக்குக் கடையில் மிச்சம் வாங்கும் அளவுக்குத்தான் டச்சு வந்திருந்தது. திடலில் அவளைச் சுற்றி நின்றவர்களும் எல்லோரும் வெளியூர்க்காரர்கள், எல்லோரும் இங்கிலீஷ். ஒரே ஊரில் இருந்துகொண்டு அந்த ஊர்க்காரரோடு ஒட்டாமல் சனிக்கிழமை மட்டும் தோளோடு தோள் நின்றால் போதுமா? திட்ட வேண்டுமென்றால் அதற்குத் திட்டுங்கள். நான் திட்டினேன். இப்போது வாரம் இரண்டு நாள் டச்சு வகுப்புக்குப் போகிறாள்.

வாக்கிங் நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் காட்டிய வீடியோவில் குதித்த பிள்ளைகளில் யாரோ ஒருவர் வீட்டுக்கு 'ஆபீஸ் வேலை' என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். அந்த வீடியோவை நாம் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்தப் பொய் இன்னும் கொஞ்சம் கெட்டியாகிறது. உங்கள் பேரனும் அடுத்த வருஷம் ஜெர்மனி போகப்போகிறான் என்று சொன்னீர்கள். அந்த வரியை அவனும் படிப்பான், சார்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி மாறிவிட்டது. "நேத்து எங்கேம்மா ஆட்டம்? சாப்பிட்டுட்டுப் போனியா? காதுக்கு வெச்சுக்கிட்டியா? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தே?" அவளும் பதில் சொல்கிறாள். சில பதில்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அவை உண்மை என்று தெரிகிறது. எனக்கு அது போதும்.