யாருடைய மரம்? யாருடைய ஆறு?



"ஆற்றிலே போகிற தண்ணி, அம்மா குடி ஐயா குடி" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். உடையவன் இல்லாத பொருளை ஆளாளுக்கு வீணடிப்பதைக் குத்திக் காட்டும் பழமொழி அது. அந்தப் பழமொழி என் கணக்குப் புத்தகத்திலேயே ஏறி உட்கார்ந்திருந்ததைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டுகொண்டேன். தன் குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பிறர் குற்றத்தைப் பேசுவதே முறை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடியது. குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் லயத்துச் சனங்கள் அங்கேதான் குளிப்பார்கள், அங்கேதான் துவைப்பார்கள். காலையில் மருந்தடிக்கும் பெண்களுக்குப் புல் மருந்தை அளந்து கொடுப்பதும், வேலை முடிந்ததும் காலி டின்களை எண்ணி வாங்குவதும் கிராணியாகிய என் பொறுப்பு. பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் ஆற்றில் இறங்கிய பிள்ளைகள், உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, கண் எரிகிறதென்று அழுதுகொண்டே ஓடி வந்தார்கள். கரையோரம் சிறு மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றோரமாகவே மேலே நடந்து போய்ப் பார்த்தேன். மருந்துப் பம்புகளைக் கழுவும் இடம் அங்கே இருந்தது. பல மாதங்களாக அங்கேதான் கழுவி வந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்கள் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில் இப்படிச் செய்யலாமா?" என்று மருந்தடிக்கும் பெண்களைக் கேட்டேன். அவர்களில் மூத்தவரான ஓர் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கிராணி ஐயா, பம்பு கழுவ ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தீங்களா? மருந்து தோட்டத்து மருந்து. ஆறும் தோட்டத்து ஆறு. நாங்க சொன்ன வேலையைச் செய்றோம்" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் ஸ்டோர்ப் புத்தகத்தில் மருந்துக்கு ஒரு பத்தி இருந்தது; பம்புக்கும் கையுறைக்கும் காலி டின்னுக்கும் பத்தி இருந்தது. ஆற்றுக்குப் பத்தி இல்லை. நிர்வாகம் அந்த ஆற்றைக் கழிவு வாய்க்கால் என்று நினைத்தது. தொழிலாளி அதைத் துரையின் ஆறு என்று நினைத்தார். நானோ அதை நினைக்கவே இல்லை. மூன்று பேரும் மூன்று விதமாக இருந்தோம். பிள்ளைகளின் தோலுக்கு வந்த விளைவு ஒன்றுதான்.

மனம் எப்படியோ மண்ணும் அப்படி. இது ஏதோ வேதாந்தப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் பால்மரத் தொழிலின் வரலாறே இதற்குச் சாட்சி.

1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தன. அவற்றின் தாயகமான பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பாலெடுப்பது வழக்கமாயிருந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைக் கொத்தாமல், அதே வெட்டுவாயைத் திரும்பத் திரும்ப மெல்லியதாகச் சீவி, கட்டைக்குக் காயம் படாமல் பாலெடுக்கலாம் என்று காட்டினார். மரம் அதே மரந்தான். ஆனால் அதைப் பார்த்த கண் மாறிற்று. அந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் இந்த நாட்டின் ரப்பர்த் தொழில் முழுதும் எழுந்து நின்றது.

மரத்தைப் பார்க்கும் கண் திறந்த அதே காலத்தில், மண்ணைப் பார்க்கும் கண் மூடியே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத் துரைமார்களுக்குப் புல் என்றால் ஆகாது. ஒரு புல்லும் இல்லாமல் வெறும் தரையாக வைத்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று பெருமை பேசினார்கள். நம் பாட்டன் பாட்டிமார் குனிந்த முதுகு நிமிராமல் புல் வெட்டினார்கள். பிறகு பெய்தது இந்த நாட்டு மழை. மூடாக்கில்லாத மேல்மண் சரிவுகளில் கரைந்து ஓடியது. ஆறுகள் சேறு தட்டி மேடிட்டன. பக்கத்திலிருந்த சிறு தோட்டக்காரர்கள் மரத்தடியில் செடிகொடிகளை வளரவிட்டார்கள். சோம்பேறிகள் என்று துரைமார் அவர்களைக் கேலி செய்தார்கள். ஆனால் அந்தச் சிறு தோட்டங்களில்தான் மண் நின்றது. பட்ட பிறகே புத்தி வந்தது. 1930களில் மரவரிசைகளுக்கு நடுவே மூடுகொடிகளை வளர்க்கும் முறை பரவிற்று. அவரை இனத்தைச் சேர்ந்த அந்தக் கொடிகள் மண்ணைப் பிடித்து வைக்கின்றன; மண்ணுக்கு உரமும் சேர்க்கின்றன. அகம்பாவம் கொண்ட கண்ணுக்குப் பகையாகத் தெரிந்த பச்சை, பிறகு காவலாகத் தெரிந்தது.

நிற்க. துரைமாரின் மனத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. நம் மனத்தையும் சற்றுத் திறந்து பார்ப்போம்.

நம் முன்னோர் இங்கே குடியேற வேண்டும் என்று கப்பலேறவில்லை. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்றே வந்தார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். காலம் மாறியும் "வந்த இடம்" என்ற எண்ணம் மாறவில்லை. அதை மாறவிடாமல் காத்தது எது? லயம்! வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போச்சு. 1950களிலும் 1960களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். முப்பது வருடம் வாழ்ந்த குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. அந்தத் துன்பத்தைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிற்காலத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டம் வீட்டுமனைகளாக மாறியபோதும் இன்னும் பல குடும்பங்கள் வெளியேறின.

நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவன் வாசலில் டுரியான் கன்று நடுவானா? பலன் தரப் பல வருடம் ஆகும் மரத்தை நட, அத்தனை வருடம் இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். ஆகவே "தொழிலாளிக்குச் சுத்தம் தெரியாது, பொறுப்புக் கிடையாது" என்று சிலர் பேசும்போது எனக்கு இரத்தம் கொதிக்கிறது. பொறுப்பின்மை நம் பிறவிக் குணமன்று. நிலையில்லாத வாழ்வு நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

ஆனாலும் தோழர்களே, அந்தப் பாடத்தையே நாம் கடைசிவரை ஒப்பித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

பால்வெட்டுக்குத் திரும்புவோம். உளி பிடித்த கைக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் ஆழம் கூடினால் அன்றைக்குப் பால் சற்றுக் கூடும். கட்டையில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடங்கள் கழித்து அந்தப் பட்டைக்கு வெட்டு திரும்பி வரும்போது, உளி வழுக்கும், பால் குறையும். அவசரமாகச் சீவியவர் இன்றைய எடையைப் பார்த்தார். நாளை அந்த நிரையில் நிற்கப்போகிறவரைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எடைக்குத்தான் காசு, பட்டைக்குக் காசில்லை என்று வைத்தது யார்? செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே கிலோவை மட்டும் எழுதியவன் யார்? நான்தான். கூலி முறை மனத்தை உருவாக்குகிறது. மனம் மரத்தைக் கெடுக்கிறது. கெட்ட மரம் மறுபடி கூலியைக் குறைக்கிறது. இந்தச் செக்கைச் சுற்றுவது நாம்.

நம் மனத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத்து எல்லையில் முனியாண்டி குடியிருக்கும் மரத்தடியைப் பாருங்கள். அங்கே யாரும் டின்னை வீசுவதில்லை. கொப்பை ஒடிப்பதில்லை. யாரும் சம்பளம் கொடுக்காமலே தரை கூட்டியிருக்கிறது. பத்தடி தள்ளியிருக்கும் கால்வாயிலோ பிளாஸ்டிக் பைகளும் போத்தல்களும் அடைத்துக் கிடக்கின்றன. அதே மனிதர், அதே கை. இரண்டுக்கும் நடுவே இருப்பது "இது நம்முடையது" என்ற ஒரு கோடு. அந்தக் கோட்டை நாம்தான் போட்டோம். நாம் போட்ட கோட்டை நாமே தள்ளிப் போட முடியாதா? கோயில் மரத்துக்குப் பட்டாவா வாங்கினோம்? மனத்தால்தானே சொந்தமாக்கினோம்! லயத்து முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் அப்படித்தானே வளர்ந்தன!

இங்கே ஒரு எச்சரிக்கை. "மனத்தை மாற்றிக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நிர்வாகம் நமக்கு உபதேசம் செய்யுமானால், அதை நம்ப வேண்டாம். பம்பு கழுவத் தொட்டி இல்லாத இடத்தில் நல்ல மனம் மட்டும் இருந்து ஆறு சுத்தமாகாது. பாராகுவாட் என்ற புல் மருந்தின் கதை நினைவிருக்கட்டும். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும். மாற்று மருந்தும் கிடையாது. அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வடிந்தது, கண் கெட்டது. "வேலை என்றால் அப்படித்தான்" என்று அவர்கள் வாய்மூடி இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. பேசத் தொடங்கிய பிறகே நாடு கேட்டது. 2002இல் அதை விலக்க அரசு முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை வந்தது. பதினெட்டு ஆண்டுகள்! மனம் மாறியது முதல் படி; சங்கமாகப் பேசியது இரண்டாம் படி; சட்டம் வந்தது மூன்றாம் படி. முதல் படி இல்லாமல் மூன்றாம் படி ஏது?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கிளையும் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது: 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அது இருக்கிறதா, அதில் மருந்தடிக்கும் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஆற்றுக்கு எட்டத்தில் கழுவும் தொட்டியும், காலி டின்களை ஓட்டை போட்டு ஒப்படைக்கும் ஏற்பாடும், லயத்துக்குத் தடையில்லாத குழாய்த் தண்ணீரும் நம் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு சேர்ந்தே வரட்டும்.

இரண்டாவது: நல்ல வெட்டுக்கு நல்ல கூலி என்று கேட்போம். பட்டையைக் காப்பவருக்குச் செக்ரோலில் ஒரு பத்தி இருக்கட்டும். கிராணிமார் தோழர்களே, இதை முன்மொழிய வேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது: இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களை "வந்தவன்" என்று பேசாதிருப்போம். நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார். அவர் மனத்திலும் "வந்த இடம்" என்ற எண்ணத்தை நாமே விதைத்தால், அவர் கழுவும் பம்பின் தண்ணீரும் நம் பிள்ளைகள் குளிக்கும் துறைக்குத்தான் வரும்.

நான் சொன்ன அந்தத் தோட்டத்தில், அந்த அக்காவும் நானும் சேர்ந்து கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தோம். நான்கு மாதம் அலைக்கழித்த பிறகு, கழுவுவதற்கு ஒரு சிமெண்டுத் தொட்டி வந்தது. பெரிய காரியமில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு நாள், ஆற்றில் எண்ணெய் டின்னைக் கழுவ வந்த லாரிக்காரர் ஒருவரை அதே அக்கா மறித்து நின்று, "இது எங்க ஆறு" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். முன்பு "தோட்டத்து ஆறு" என்றவர் அவர்.

பட்டா நம் பெயரில் இல்லாதிருக்கலாம். அதற்கான போராட்டம் தனியே நடக்கட்டும். ஆனால் நாம் குடிக்கும் நீரையும், நம்மை வாழவைக்கும் மரத்தையும், நம் பிள்ளைகள் மிதிக்கும் மண்ணையும் நம்முடையவை என்று சொல்ல எந்தத் துரையின் கையெழுத்தும் வேண்டியதில்லை. சொல்வோம், ஒன்றுபட்டுச் சொல்வோம்!