ஒரு மீற்றர், இரண்டு குடும்பங்கள்: நமது கரையோரத்து வாடகைக் குடியிருப்பாளர்களின் மின்பட்டியல்

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூடியது. அதன் பின் ஏற்றமும் இறக்கமுமாக வந்து, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூன் 12 முதல் மீண்டும் 15 வீதம் கூடியது. ஒவ்வொரு தடவையும் நாம் பேசுவது இந்த வீதங்களைப் பற்றித்தான். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவருக்கு இந்த வீதக் கணக்குக்குள் அடங்காத ஒரு சுமையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் ஓர் ஆசிரியர். ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து இடமாற்றத்துக்கு ஒரு வீடு என்று வாடகை வீடுகளிலேயே காலம் போகிறது. ஆசிரியர் ஓய்வறையில் மாதமொரு முறையாவது கேட்கும் கேள்வி இது: "வீட்டில் ரெண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். எப்படி இவ்வளவு பில் வரும்?" பதில் பெரும்பாலும் மின்விசிறியிலோ குளிர்சாதனப் பெட்டியிலோ இல்லை. கட்டணம் கணக்கிடப்படும் முறையிலும், மீற்றர் யாருடையது என்பதிலும் இருக்கிறது.

முதலில் முறையைப் பார்ப்போம். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த விலைப்படி, மாதம் 60 அலகுகளுக்குள் நின்றால் முதல் 30 அலகுகளுக்கு தலா 4.50 ரூபாவும், அடுத்த 30 அலகுகளுக்கு தலா 8 ரூபாவும், நிலையான கட்டணமாக 210 ரூபாவும். 60ஐத் தாண்டிய உடனே அந்த மலிவு விலை முழுதாகப் போய்விடுகிறது. முதல் அலகிலிருந்தே 12.75 ரூபா. 61 முதல் 90 வரை தலா 18.50 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. 91 முதல் 120 வரை தலா 24 ரூபா, நிலையான கட்டணம் 1000 ரூபா. அதற்கு மேல் இன்னும் ஏறுகிறது.

வரி நீங்கலாகக் கணக்குப் போட்டால், 60 அலகுக்கு 585 ரூபா, 61 அலகுக்கு 1183.50 ரூபா. ஒரேயொரு அலகு பட்டியலை இரு மடங்காக்கி விடுகிறது.

குறைவாகப் பாவிக்கும் ஏழைக்கு மலிவாகவும், அதிகம் பாவிக்கும் வசதியானவருக்கு விலை கூட்டியும் கொடுப்பதே இந்த முறையின் நோக்கம். நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் மீற்றருக்கு குடும்பம் தெரியாது. அதன் வழியாக ஓடிய அலகு மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் நமது ஊர்களின் அமைப்பு குறுக்கே வருகிறது. நமது கரையோரத்தில் காணி நெருக்கடி அதிகம். மகளுக்கு வீடு கொடுப்பது நமது வழக்கம். ஒரே வளவுக்குள் மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு அதன் மேல்மாடி என்று கட்டிக் கொண்டு போகிறோம். பிறகு ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுக்கிறோம். மின் இணைப்பு மட்டும் அதே பழைய இணைப்பு. பல வீடுகளில் அது மௌத்தாகிப் பல வருடங்களான வாப்பாவின் பெயரிலேயே இன்னும் இருக்கிறது.

கீழ் வீட்டில் ஒரு குடும்பம், மேல் வீட்டில் வாடகைக்கு இன்னொரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். இரண்டும் மாதம் 55 அலகு பாவிக்கும் சிக்கனமான குடும்பங்கள். தனித்தனி மீற்றர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 545 ரூபா, இருவருக்கும் சேர்த்து 1090 ரூபா. ஒரே மீற்றரில் 110 அலகாக ஓடினால் பட்டியல் 2800 ரூபா. அதே மின்சாரம், அதே இரண்டு குடும்பங்கள். மாதம் 1710 ரூபா, வருடத்துக்கு 20,520 ரூபா மேலதிகமாகப் போகிறது. இரண்டு ஏழைக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு வசதியான குடும்பமாக மீற்றர் கணக்கெடுத்து விட்டது.

சில வீட்டுக்காரர்கள் உள்ளே ஒரு சிறு மீற்றரைப் பொருத்தி, ஓடிய அலகைப் பார்த்துக் காசு வாங்குகிறார்கள். இது பங்கு பிரிப்பதற்கு உதவும். ஆனால் மின் விநியோக நிறுவனத்தின் கணக்கில் அந்தச் சிறு மீற்றர் இல்லை. மொத்தம் 110 அலகு என்பது மாறாது.

இன்னொன்று, யாருடைய கம்பி எங்கே போகிறது என்ற பிரச்சினை. நான் குடியிருந்த ஒரு வீட்டில் தனி மீற்றர்தான் இருந்தது. இருந்தும் பட்டியல் எங்கள் பாவனைக்குச் சம்பந்தமில்லாமல் வந்தது. ஒரு நாள் பிரதான ஆளியை அணைத்து விட்டு வெளியே வந்து பார்த்தேன். பின்வளவில் ஓடிக் கொண்டிருந்த கிணற்று மோட்டரும் நின்றிருந்தது. மூன்று வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் எங்கள் மீற்றரில் ஓடியிருக்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர் தினமும் ஒரு மணித்தியாலம் ஓடினால் மாதம் சுமார் 30 அலகு. 55 அலகுக் குடும்பம் 85 அலகாகி விடும். 545 ரூபா பட்டியல் 1627.50 ரூபாவாகும். வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கம்பியை மாற்றினார், கூடுதலாகப் போன காசை வாடகையில் கழித்தார். எல்லாருக்கும் அப்படியொரு வீட்டுக்காரர் அமைவதில்லை.

எதிர்பாராத பட்டியல் வந்தால் வாடகைக்கு இருப்பவர் செய்யக் கூடியவை சில இருக்கின்றன. மீற்றரின் இலக்கமும் பட்டியலில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். இன்றைய வாசிப்பைப் படம் எடுத்து பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியல் எத்தனை நாளுக்கானது என்று எண்ணுங்கள். வாசிப்புப் பிந்தினால் அந்த நாட்களுக்கேற்ப படிகளின் எல்லையும் நீள வேண்டும். பிரதான ஆளியை அணைத்து, வேறு எது நிற்கிறது என்று பாருங்கள். அணைத்த பின்னும் மீற்றர் ஓடினால் உடனே மின் விநியோக நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 1987 என்ற இலக்கம் அதற்குத்தான்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். இணைப்பு வீட்டுக்காரரின் பெயரில் இருப்பதால் அவரது கடிதம் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. முறைப்பாடு கொடுத்து விட்டோம் என்று ஒன்றும் கட்டாமல் இருக்கக் கூடாது. சர்ச்சை இல்லாத தொகையைக் கட்டி பற்றுச்சீட்டை வைத்துக் கொள்ளுங்கள். பழைய வாசிப்பு விபரங்கள் கிடைக்கவில்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அங்கே தீர்வு இல்லையென்றால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஆணைக்குழு இது. மின் பாவனையாளர்களின் பிணக்குகளில் தலையிடுவது அதன் வேலைகளில் ஒன்று. அது கொழும்பில் இருந்தாலும், அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பு நமக்குத் தந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான காசுப் பிரச்சினைக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. அதற்கு முன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதும் நமக்குப் புதிதல்ல.

ஆனால் தனிநபர்கள் முறையிட்டு மட்டும் இது தீராது. தனி இணைப்புத்தான் நிரந்தரத் தீர்வு. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டமே இணைப்பைக் கேட்கும் உரிமையை வீட்டு உரிமையாளரோடு சேர்த்து அங்கே குடியிருப்பவருக்கும் கொடுத்திருந்தது. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டங்கள் 2024இலும் 2025இலும் வந்துவிட்டன. இந்த மாற்றத்தில் குடியிருப்பவரின் உரிமை காணாமல் போய்விடக் கூடாது. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய விடயம் இது.

தனி இணைப்புக்குக் கம்பி பிரிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். எல்லா வீட்டுக்காரருக்கும் அது உடனே முடியாது. அதுவரை ஆணைக்குழு ஒன்றைச் செய்யலாம். நாட்கள் கூடினால் படிகளின் எல்லையை நீட்டுகிறார்கள். ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம் இருக்கிறது என்று கிராம சேவகர் உறுதிப்படுத்தினால் அதே எல்லையைக் குடும்பக் கணக்குக்கும் நீட்டலாமே. கட்டணத் திருத்தத்துக்கு முன் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. கொழும்பு, கண்டியில் இருந்து போகும் கருத்துகளோடு நமது கரையோரத்தின் கோரிக்கையும் போக வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடகைக்குக் கொடுக்கும் முன் மோட்டரும் வெளி விளக்கும் எந்த மீற்றரில் ஓடுகின்றன என்று பாருங்கள். மின்பட்டியலைக் குடியிருப்பவருக்குக் காட்டுங்கள். ஒப்பந்தத்தில் மாத வாடகையை எழுதும் அதே தாளில், அன்றைய மீற்றர் வாசிப்பையும் மின்கட்டணம் எப்படிப் பிரிக்கப்படும் என்பதையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதும். பல மாதத்து மனக்கசப்பை அது மிச்சப்படுத்தும்.