கூட வருவது யார்? கேட்காமல் கதவைத் திறக்கலாமா!

ஆடிச் சாரல் விழும் காலத்தில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனால் கண் கூசும். வயல் முழுவதும் சூரியகாந்திப் பூ!

1992-ம் ஆண்டு வந்த "ரோஜா" படத்தின் கதாநாயகி இந்த ஊர்ப் பெண்ணாகத்தான் வருவாள். அந்தப் படத்தால் தமிழ்நாடு முழுவதும் ஊரின் பெயர் பரவியது.

இந்த வட்டாரத்து விவசாயிக்கு ஒரு கணக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். அது குளத்துக் கணக்கு.

மேல் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் குளத்துக்குத் தண்ணீர் வரும். மேல் குளத்தின் கரை உடைந்தால் கீழ்க் குளத்தின் கரைக்கும் ஆபத்து.

தன் வயல் எந்த மடையை நம்பி இருக்கிறது, அந்தக் குளம் எந்தக் கால்வாயை நம்பி இருக்கிறது என்று அவர் விரல் விட்டுச் சொல்வார்.

செல்போனில் ஓடும் "ஆப்"களுக்கும், அதாவது செயலிகளுக்கும், இதே கணக்கு உண்டு. ஆனால், அவற்றைக் கட்டுகிறவர்களில் பலர் அந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

தென்காசியில் கம்ப்யூட்டர்

"செயலி கட்டுவதற்கும் தென்காசிக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

சோஹோ என்ற கம்ப்யூட்டர் கம்பெனி 2011-ம் ஆண்டிலேயே தென்காசிக்கு வந்துவிட்டது. இன்று மத்தளம்பாறை கிராமத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. உலகம் முழுவதும் விற்பனையாகும் "சோஹோ டெஸ்க்" இங்கே உருவானதுதான்.

வயல் வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் முன்னால் அமர்ந்து செயலி கட்டுகிறார்கள். ஆகவே, இது தென்காசிக் குடும்பங்களின் விஷயம்.

ஒட்டுச் சாமான்

செயலி கட்டுகிறவர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. வீடு கட்டுகிறவர் கதவையும் பூட்டையும் கடையில் வாங்குவதுபோல, அவரும் பல சாமான்களை வெளியிலிருந்து வாங்கி ஒட்டிக்கொள்கிறார்.

படம் எடுக்க ஒரு சாமான். ஊர் எது, தெரு எது என்று காட்ட ஒரு சாமான். பணம் அனுப்ப ஒரு சாமான். இவற்றுக்குப் "பிளகின்" என்று பெயர்.

பெரும்பாலும் இவை இலவசம். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் எழுதி, இன்டர்நெட்டில் உள்ள பொதுக் கிடங்கில் வைத்திருப்பார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்து வரவும் ஒரு கருவி இருக்கிறது. ஒரே ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். கருவி ஓடிப்போய்க் கொண்டுவந்து மாட்டிவிடும்.

இங்கேதான் சங்கதி!

அந்தச் சாமான் தனியாக வராது. அது நம்பியிருக்கும் இன்னொன்றும் கூட வரும். அந்த இன்னொன்று நம்பியிருக்கும் வேறொன்றும் வரும். பத்தைக் கேட்டால் நூறு வந்து இறங்குவது சகஜம்.

கல்யாண வீட்டுக்கு ஒரு தவசிப்பிள்ளையை அழைக்கிறார்கள். அவர் கூடமாட வேலை செய்ய இரண்டு பேரை அழைத்து வருகிறார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நான்கு பேரைக் கூட்டி வருகிறார்கள். கடைசியில் சாமான் அறைச் சாவி யார் கையில் இருக்கிறது? வீட்டுக்காரருக்கே தெரியாது!

பதினொரு வரி

2016-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி உலகம் இதற்கு ஒரு பாடம் படித்தது.

"என்.பி.எம்." என்பது ஒரு பெரிய பொதுக் கிடங்கு. அதில் அசர் கொச்சுலு என்ற என்ஜினீயர் பல சாமான்களை வைத்திருந்தார். ஒரு பெயரைப் பற்றி அவருக்கும் ஒரு கம்பெனிக்கும் தகராறு வந்தது. கிடங்குக்காரர்கள் கம்பெனியின் பக்கம் நின்றார்கள். அவருக்குக் கோபம். தன் சாமான்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவற்றில் ஒன்றின் பெயர் "லெப்ட்-பேட்". எழுத்துகளுக்கு இடப்பக்கம் இடம் விடுவது ஒன்றுதான் அதன் வேலை. மொத்தமே பதினொரு வரி!

அது போனதும் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான வேலைகள் நின்றன. "பேபல்" என்ற பெரிய கருவியே திணறியது. காரணம், அது ஒரு சாமானை நம்பியது. அந்தச் சாமான் வேறொன்றை நம்பியது. சங்கிலியின் கடைசியில் இருந்தது இந்தப் பதினொரு வரி.

சில மணி நேரத்தில் கிடங்குக்காரர்களே அதைத் திரும்ப வைத்தார்கள். மற்றவர்கள் நம்பியிருக்கும் சாமானை இஷ்டம்போல் எடுக்க முடியாதபடி பிறகு விதியும் போட்டார்கள்.

எங்கோ ஒரு சின்ன மடை அடைபட்டது. எத்தனையோ வயல்கள் காய்ந்தன!

அந்நியன் கை

இதைவிடக் கொடுமை 2018-ல் நடந்தது.

"ஈவென்ட்-ஸ்ட்ரீம்" என்று ஒரு சாமான். வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் தடவை எடுக்கப்பட்டு வந்தது. அதை எழுதியவர் சம்பளம் இல்லாமல் பார்த்து வந்தார். ஆர்வமும் குறைந்துவிட்டது. அந்த நேரத்தில் முகம் தெரியாத ஒருவன், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தான். அவரும் கொடுத்துவிட்டார்.

வந்தவன் திருடன்!

அவன் அந்தச் சாமானோடு இன்னொரு சின்னச் சாமானைச் சேர்த்துவிட்டான். அதற்குள் களவு வேலை ஒளிந்திருந்தது. "கோபே" என்ற செல்போன் பணப்பை செயலிக்குள் புகுந்து, பிட்காயின் பணத்தின் ரகசியச் சாவியைத் திருடுவதே அதன் வேலை.

அந்த ஆண்டு நவம்பரில் குட்டு வெளிப்பட்டது. பணத்தை வேறு இடத்துக்கு மாற்றும்படி கோபேயை வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை போயிற்று.

அந்தச் சின்னச் சாமானைக் கோபேக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டார்களா? இல்லை. கூட வந்தது!

கருவி செய்ய வேண்டியது

குற்றம் யாருடையது? அவசரப்பட்ட வாலிபரைத் திட்டுவது சுலபம். ஆனால், திருத்த வேண்டியது கருவியை. சாமான் கொண்டுவரும் கருவி, வாய் பேசாத வேலைக்காரனாக இருக்கக்கூடாது. நல்ல கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

முதலாவது, வரும் முன்பே அது பட்டியலைக் காட்ட வேண்டும். நீங்கள் கேட்டது எது, கூட வருவது எது, எதனால் வருகிறது என்று சொல்ல வேண்டும்.

"கார்டோவா" என்ற செயலி கட்டும் கருவி, கேட்டு வந்ததையும் கூட வந்ததையும் தனித்தனியே குறித்து வைக்கிறது. ஒரு பிளகினை எடுக்கச் சொன்னால், அதை வேறு பிளகின் நம்பி இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் எடுக்காமல் எச்சரிக்கிறது. மற்றக் கருவிகளுக்கும் இந்தப் புத்தி வேண்டும்.

இரண்டாவது, எண்ணைப் பூட்ட வேண்டும்.

ஒவ்வொரு சாமானுக்கும் 2.4.1 என்பதுபோல மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண் மாறினால் சின்னப் பழுது நீக்கம். நடு எண் மாறினால் புதிய வசதி. முதல் எண் மாறினால் உஷார்! பழைய செயலியோடு அது ஒத்துப்போகாமல் போகலாம்.

இதுதான் வழக்கம். ஆனால், எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே, இன்று சோதித்த எண் எதுவோ அதையே நாளையும் கொண்டுவரும்படி ஒரு பூட்டுப் பட்டியல் வேண்டும். "பிளட்டர்" போன்ற கருவிகளில் இந்த வசதி இருக்கிறது. அதைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைப்பது கட்டுகிறவர் பொறுப்பு.

மூன்றாவது, அனுமதியைச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ரகசியம் உண்டு. ஒட்டிய பிளகின் கேட்கும் அனுமதிகளும் செயலியின் அனுமதிகளோடு சேர்ந்துவிடும். கணக்கு எழுதும் சாதாரணச் செயலி, "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறதே, ஏன்? கட்டியவருக்கே தெரியாமல் இருக்கலாம்! "இந்தச் சாமான் இந்த அனுமதியைக் கொண்டுவருகிறது. சம்மதமா?" என்று கருவி முதலில் கேட்க வேண்டும்.

நான்காவது, வீட்டில் ஒரு பிரதி வேண்டும்.

ஆண்ட்ராய்டு செயலி கட்டுவோர் பல ஆண்டுகளாக "ஜேசென்டர்" என்ற கிடங்கை நம்பி இருந்தார்கள். 2021 பிப்ரவரியில், அதை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் வேறு கிடங்கு தேடி ஓடினார்கள். விதைநெல்லைப் பக்கத்து வீட்டுக் குதிரில் மட்டும் வைத்திருக்கும் விவசாயி உண்டா?

"வேலை ஓடுமா?"

"இத்தனை கேள்வி கேட்டால் வேலை ஓடுமா? கேட்டதும் வந்து விழுவதுதானே வசதி?" என்று சிலர் சொல்வார்கள்.

வசதிதான், மறுப்பதற்கில்லை. அந்த வசதி இருப்பதால்தான் கிராமத்துப் பிள்ளையும் சில வாரங்களில் ஒரு செயலி கட்ட முடிகிறது. பொதுக் கிடங்கை இழுத்து மூடச் சொல்வது மடமை.

"பூட்டி வைத்தால் பழைய ஓட்டையும் உள்ளேயே இருக்குமே!" என்று வேறு சிலர் கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

பூட்டு என்பது என்றைக்கும் திறக்காமல் இருப்பதற்கு அல்ல; தெரிந்து திறப்பதற்கு. மாதம் ஒரு முறை பட்டியலைப் பார்க்கட்டும். புது எண் வந்திருந்தால் சோதித்து மாற்றட்டும்.

2021 டிசம்பரில் "லாக்4ஜே" என்ற சாமானில் பெரிய ஓட்டை இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. உலகமே பதறியது. பட்டியல் வைத்திருந்தவர், "நம்மிடம் அது இருக்கிறதா?" என்று உடனே பார்த்தார். பட்டியல் இல்லாதவர் மூலை மூலையாகத் தேடினார்!

பட்டியல் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். பார்க்காமல் விட்டால் போவது ஊரார் பணம்.

பள்ளியிலேயே வேண்டும்

கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் இடங்களில், சாமானைக் கொண்டுவரும் உத்தரவை முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். வந்ததை எண்ணிப் பார்க்கவும் அன்றைக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படிக்கும் பிள்ளையிடம் பெற்றோரும் ஒரு கேள்வி கேட்கலாம். "நீ கட்டுகிற செயலி எதை எதை நம்பி நிற்கிறது? பட்டியல் இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். இதற்குக் கம்ப்யூட்டர் படிப்புத் தேவையில்லை.

செல்போனில் இன்று பால் கணக்கு இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இருக்கிறது. பேரனின் புகைப்படம் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் வருகிறவர் யார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சுந்தரபாண்டியபுரத்து விவசாயி, மழை வந்த பிறகு மடையைத் தேடுவதில்லை. மழைக்கு முன்பே கரை மேல் நடந்து பார்த்துவிட்டு வருகிறார்.

செயலி கட்டும் அவர் பிள்ளையும் அப்படி ஒரு நடை நடந்து பார்க்கட்டும்!